இருபத்தேழு புள்ளி ஒன்பது

எரிபொருள் சிக்கன வாரியத்தின் திண்டுக்கல் வட்டார அலுவலகத்துக்கு ஹைபிரிட் கார் வந்த அன்று அதற்கு மாலை போட்டார்கள். நிலக்கோட்டை மல்லிகை. அதை வாங்கிவர ஒரு வேன் போனது. வந்த மாலை காரின் அகலத்துக்குப் போதவில்லை என்று வேன் மறுபடியும் போனது.

பின்கண்ணாடியில் பச்சை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: லிட்டருக்கு 27.9 கிலோமீட்டர். வட்டார இயக்குநர் ஆனந்த்ராஜ் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இந்த வண்டி பெட்ரோல்லயும் ஓடும், கரண்ட்லயும் ஓடும். எப்ப எதுல ஓடணும்னு அதுவே முடிவெடுக்கும். நம்ம அலுவலகத்துல யாரையும் கேக்காம முடிவெடுக்கிற முதல் ஆள் இதுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான் ஓட்டுநர்.

பெயர் கிளெமென்ட். பி.எஸ்சி. இயற்பியல். என் மனைவி ரீனா இதே அலுவலகத்தில் ஏழு ஆண்டு தட்டச்சராக இருந்தாள். இரண்டு ஆண்டுக்கு முன் டெங்குவில் இறந்தாள். ஆறு நாள். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். படிப்புக்கு ஏற்ற இடம் காலியில்லை, ஓட்டுநர் இடம்தான் காலி என்றார்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. அதுவரை பெயர் கெடாமல் இருந்தால் வேலை நிரந்தரம்.

முதல் டாங்குக்கு 17.4 வந்தது. இரண்டாவதற்கு 17.2. மூன்றாவதற்கு 17.6.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. இயக்குநர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடாகி ஒழுங்காக ஓடத் தொடங்கும்போது அவர் இறங்கிவிடுவார். பிறகு கூட்டம். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தால் மூன்று மணி நேரமும் வெளியே ஏசி ஓட வேண்டும். திரும்பி வரும்போது இருக்கை சுட்டால் சிக்கனம் பற்றிய சிந்தனை கலைந்துவிடும் என்பார். ஏசி பேட்டரியைத் தின்னும். பேட்டரி குறைந்ததும் எஞ்சின் தானாக எழுந்து அதை நிரப்பும். அணையும். மறுபடி எழும். வேப்பமர நிழலில் ஓர் அங்குலம் நகராமல் வண்டி பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். மிச்ச நேரம் பேருந்து நிலையம், ரவுண்டு ரோடு, ரயில்வே கேட்.

லாக் புக்கில் 17.4 என்று எழுதினேன். கண்காணிப்பாளர் சுகன்யா என்னைக் கூப்பிட்டார்.

"கிளெமென்ட், பதினேழுன்னு அடிச்சா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. செவப்புல 'ஓட்டுநர் பிழை'ன்னு வருது."

"வண்டி அம்புட்டுத்தான் தருது மேடம்."

"வண்டி தர்றது வேற, நிர்ணயம் பண்ணுனது வேற. கம்பெனிக்காரன் லேப்ல ஓட்டி இருபத்தேழு புள்ளி ஒம்போதுன்னு காட்டியிருக்கான். தலைமையகத்துல ஆணையே போட்டாச்சு."

"லேப்ல ஏசி போட மாட்டாங்க. உருளை மேல வச்சு ஓட்டுவாங்க. எதுக்க மாடு வராது."

"அப்ப நீங்களும் மாடு வராத மாதிரி ஓட்டுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். குறுகிய பயணம், நின்ற நிலையில் ஏசி, நகர நெரிசல், ஆய்வகச் சோதனைக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வரைபடமும் போட்டேன். தலைமையகத்திலிருந்து பதினைந்தாம் நாள் பதில் வந்தது. "தங்கள் விளக்கம் அறிவியல் ரீதியாக உள்ளது. நிர்வாக ரீதியாக இல்லை. எனவே ஏற்க இயலவில்லை."

அடுத்தது பயிற்சி. சிக்கன ஓட்டுநர் பயிற்சி, மூன்று நாள். மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். மாநாட்டு அறையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அது ஸ்டியரிங். காலடியில் இரண்டு செங்கல். அவை ஆக்சிலேட்டரும் பிரேக்கும்.

"இப்ப எதிர்ல ஒரு லாரி வருது. என்ன செய்வீங்க?"

"பிரேக் போடுவேன்."

"தப்பு. பிரேக்கு போட்டா வேகம் வீணாப் போகும். லாரி வரும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும்."

இரண்டாம் நாள் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வைத்துப் பயிற்சி தொடர்ந்தது. மூன்றாம் நாள் சான்றிதழ் தந்தார்கள்: பயிற்சிக் காலத்தில் எரிபொருள் நுகர்வு, பூஜ்யம். சுகன்யா மேடம் அந்தப் பூஜ்யத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். தூரமும் பூஜ்யம் என்பதால் சராசரி வரவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, "கொஞ்சம் நாற்காலிய நகத்தியாவது உக்காந்திருக்கலாம்ல நீங்க?" என்றார்.

ஆறாவது மாத முடிவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது.

மொத்தப் பெட்ரோல் 300 லிட்டர். ஓடிய தூரம் 5,220 கிலோமீட்டர். நிர்ணயித்த மைலேஜ்படி அந்தத் தூரத்துக்கு 187.1 லிட்டர் போதும். மீதி 112.9 லிட்டர் எங்கே? "மறைந்த தட்டச்சர் திருமதி ரீனா அவர்களின் கணவர் என்ற தகுதியில் நியமனம் பெற்ற தாங்கள், மேற்படி பெட்ரோலைக் களவாடியதாகக் கருத இடமுள்ளது."

இரண்டு முறை படித்தேன்.

"மேடம், அவ பேரு இதுல வேண்டாம்."

"ஃபார்மட்ல இருக்கு கிளெமென்ட். நியமனம் எப்டி வந்துச்சுன்னு போட்டுத்தான் ஆகணும்."

"ஏழு வருசம் இங்க இருந்தா. அவ பேர்ல ஒரு மெமோ கெடையாது."

"எனக்குத் தெரியாதா? ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டவ நான்." திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார். "முப்பது நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள லாக் புக்ல சராசரி இருபத்தேழு ஒம்போது வந்துட்டா இதக் கிழிச்சுப் போட்ரலாம். வரலேன்னா தலைமையகத்துக்குப் போகும். வேலையும் போகும். இந்தப் பேப்பர் மட்டும் போகாது. நிரந்தரக் கோப்புல உக்காந்துக்கும்."

ரீனாவின் பெயருக்குப் பக்கத்தில் களவு என்ற சொல். நிரந்தரமாக.

இயக்குநரைப் பார்த்தேன்.

"நான் உங்களைத் திருடன்னு சொல்லல கிளெமென்ட். கணக்கு சொல்லுது. கணக்குக்கு உங்களைத் தெரியாது, அதனால அதுக்கு விரோதமும் கெடையாது."

"சார், நீங்க மீட்டிங்ல இருக்கும்போது ஏசி ஓடுறதுதான் பாதி."

"அது என் வசதிக்கா ஓடுது? வாரியத்தோட கௌரவத்துக்கு ஓடுது. வேர்த்து வழிஞ்சுக்கிட்டு வர்றவன் சிக்கனத்தப் பத்திப் பேசுனா, இவனுக்கு வேற வழியில்லன்னு ஜனங்க நெனைக்காதா? ஏசியில இருந்து எறங்கி வந்து பேசுனாத்தான் அது கொள்கை."

வெளியே வந்தேன். ஷெட்டில் சோலைமலை அண்ணன் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அலுவலகத்தின் பழைய டீசல் ஜீப். அதைக் கழித்துக்கட்டும் கோப்பு ஒன்பது ஆண்டாக நிலுவையில் இருந்தது. அதுவரை ஓடட்டும் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. குறிப்பாணையை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்தார்.

"ஏலே அப்பு, நூத்திப் பன்னெண்டு லிட்டரா? தூக்கிட்டுப் போக உனக்குத் தெம்பு இருக்கான்னாவது பாத்து எழுதியிருக்கலாம்ல இவனுக."

நான் சிரிக்கவில்லை. அவர் ஜீப்பின் மூடியைத் தட்டினார்.

"இங்க பாரு. இந்தக் கெழடுக்கு லிட்டருக்கு அஞ்சுன்னு எழுதி வச்சிருக்கான். முப்பது வருசமா அதே அஞ்சுதான். ஆனா இது பத்து தரும். மிச்ச டீசலு டாங்குல கெடந்து தளும்பும். ஓன் வண்டிக்கு இருபத்தேழு, தர்றது பதினேழு. ரெண்டு பொய்யையும் ஒரு கயித்துல கட்டிட்டா சரியாப் போகும்ல?"

"எப்டிண்ணே?"

"நான் இழுக்கேன். நீ உக்காந்து வா. ஒன் வண்டி மீட்டரு ஓடும், பெட்ரோலு போகாது."

கணக்குப் போட்டேன். 300 லிட்டருக்கு 8,370 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். 3,150 குறைந்தது. வேலை நாள் இருபத்தொன்று. நாளொன்றுக்கு 150. குஜிலியம்பாறைக்குக் காலையில் ஒரு நடை, மதியத்துக்குமேல் ஒரு நடை.

சுகன்யா மேடம் அரை மணி நேரம் யோசித்து, கோப்பில் "இணைந்த பயணம்" என்று எழுதினார். இயக்குநர் காரணம் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவர் ஹைபிரிட் காரில்தான் போவார். ஜீப்பில் ஏறினால் வாரியத்தின் கொள்கைக்கு முரண்.

இப்படித்தான் நாங்கள் கிளம்பினோம். முன்னால் டீசல் ஜீப். நடுவில் சோலைமலை அண்ணன் வீட்டுக் கிணற்றுக் கயிறு, அதில் சிவப்புத் துணி. பின்னால் நாட்டின் சிக்கனமான கார். உள்ளே நான், பின்னிருக்கையில் இயக்குநர்.

கயிறு கட்டி இழுக்கப்படுவது எளிதல்ல. கயிறு தளரக் கூடாது. ஜீப் வேகம் குறைத்தால் நான் அதற்கு முன்பே குறைக்க வேண்டும். ஜீப்புக்கு பிரேக் விளக்கு எரியாது. சோலைமலை அண்ணன் கையை வெளியே நீட்டுவார். பீடியைத் தட்டவும் அதே கையைத்தான் நீட்டுவார். வழியில் எரியோடு ஊரைத் தாண்டி ஒருமுறை கை நீண்டதைப் பீடி என்று நினைத்தேன். அது பிரேக். ஜீப்பின் பின்பக்கத்துக்கும் என் கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம் இருந்தபோது கார் நின்றது. இயக்குநர் தூக்கத்திலிருந்து விழித்து, "சத்தமே இல்லாம நிக்குது பாருங்க" என்றார்.

எரியோடு டீக்கடையில் தினமும் நிற்போம். கடைக்காரர் சடையாண்டி கேட்டார்:

"என்னப்பா, புது வண்டி ரிப்பேரா?"

"இல்லண்ணே. நல்லா ஓடுது."

"நல்லா ஓடுறத எதுக்கு இழுத்துட்டுப் போறீக?"

"நல்லா ஓடுதுன்னு காட்டத்தான்."

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "படிச்ச புள்ளையா நீ?"

"பி.எஸ்சி."

"அதான்" என்றார்.

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. ஏசி போடவில்லை. குஜிலியம்பாறைச் சாலையில் சித்திரை வெயில். இயக்குநர் சட்டையின் மூன்றாவது பொத்தான் வரை கழற்றினார்.

"ஏசி போடுங்க கிளெமென்ட்."

"போட்டா பேட்டரி எறங்கும் சார். எஞ்சின் எந்திரிச்சுக்கும். பெட்ரோல் போகும்."

"போகாம போடுங்க. நீங்க இயற்பியல்தான?"

அது அவர் தற்செயலாகச் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. கியரை நியூட்ரலிலிருந்து டி-க்கு மாற்றினேன். பிரேக்கை லேசாக அழுத்தினேன். ஹைபிரிட் காரில் பிரேக் போட்டால் சக்கரத்தின் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகும். ஜீப் இழுக்க, நான் இழுபடாமல் அடம்பிடிக்க, பேட்டரி ஏறியது. ஏசி ஓடியது. ஒரு சொட்டுப் பெட்ரோல் போகவில்லை. அதற்கான டீசல் முன்னால் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ஜீப் முனகியது. சோலைமலை அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"ஏலே, ஹேண்ட் பிரேக்க எடுத்து விடுலே! யான தூக்கிட்டு வாரமாரி இருக்கு!"

"சாருக்கு ஏசிண்ணே!"

அவர் சொன்ன பதிலைக் காற்று கொண்டுபோய்விட்டது. நல்லவேளை.

போகிற இடத்தில் சும்மா திரும்ப முடியாது. லாக் புக்கில் நோக்கம் எழுத வேண்டும். அதனால் இயக்குநர் ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார். வட்டார அலுவலகம் திறந்து பதினொரு ஆண்டில் இந்தப் பக்கம் யாரும் வந்ததில்லை. மானாவாரிக் காட்டில் வேலை பார்த்தவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள்.

"இந்தக் காரைப் பாருங்க. புகை தெரியுதா? சத்தம் கேக்குதா? எஞ்சினே ஓடல. ஆனா நாங்க திண்டுக்கல்ல இருந்து வந்திருக்கோம். எப்படி?"

முன்வரிசையில் கண்ணம்மாள் என்ற அம்மா எழுந்தார். கையில் களைக்கொட்டு.

"முன்னாடி ஒரு ஜீப்பு கட்டியிருக்குல்ல சாமி, அதுலதான?"

இயக்குநர் தயங்கவேயில்லை. "அது பாதுகாப்பு வாகனம்."

"பாதுகாப்புன்னா எதுக்குக் கயிறு?"

"பாதுகாப்புக்குத்தான்."

"இம்புட்டுச் செலவு பண்ணி இழுத்துட்டு வந்ததுக்கு, அந்த ஜீப்புலயே நாலு பேரு குந்தி வந்திருக்கலாமே?"

கூட்டம் சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். வண்டியில் ஏறியதும், "இங்க விழிப்புணர்வு ரொம்பக் கம்மி. இன்னும் ரெண்டு தடவை வரணும்" என்றார். அந்த ஊருக்கு மேலும் ஆறு தடவை போனோம். தூரம் சரியாக இருந்தது.

எண் ஏறிக்கொண்டிருந்தது. 19. 21.3. 24. நான் அதை வீட்டில் எங்கும் எழுதி வைக்கவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டேன். வேறு எதுவும் அங்கே இல்லாததால் இடம் இருந்தது. சுகன்யா மேடம் மாலையில் கேட்பார், நான் சொல்வேன், அவர் மேசை இழுப்பறையைத் திறந்து குறிப்பாணை அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பூட்டுவார்.

கடைசி நாள் எழுபது கிலோமீட்டர் குறைந்தது. அன்று காலை பதினோரு மணிக்கு மேடம் போன் செய்தார்.

"சென்னையில இருந்து தணிக்கை அலுவலர் விடிகாலையிலயே கெளம்பிட்டாரு. விக்னேஷ்குமார்னு பேரு. மூணு மணிக்கு வந்துருவாரு. லாக் புக்கும் வண்டியும் இருக்கணும்னு சொல்றாரு."

குஜிலியம்பாறைக்கு ஒரு நடை போய்வந்தாலே எழுபது தாண்டிவிடும். ஆனால் எரியோட்டில் ஏதோ ஊர்வலம், சாலையை மறித்திருந்தார்கள். சோலைமலை அண்ணன் யோசிக்காமல் வண்டியைச் சிறுமலைப் பக்கம் திருப்பினார்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் எங்களை இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் கயிறு பக்கவாட்டில் இறுகி, காரின் மூக்கைப் பாறைப் பக்கம் இழுத்தது. இயக்குநர் இரண்டு கையாலும் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டார். மலையில் இங்குமங்கும் இழுபட்டுத் தூரத்தைக் கூட்டினோம். ஒன்றேகால் மணிக்கு, வாழைத் தோட்டம் ஒன்றின் பக்கத்தில், ஜீப்பின் ரேடியேட்டர் வெடித்தாற்போல் ஆவி விட்டது. ஜீப் நின்றது.

"நீ கீழ எறங்கு அப்பு" என்றார் சோலைமலை அண்ணன், கயிற்றை ஜீப்பிலிருந்து அவிழ்த்தபடி. "எறக்கத்துக்கு எவன் தயவும் வேண்டாம்."

எஞ்சின் இல்லாமல் உருண்டேன். வளைவுக்கு வளைவு பிரேக் பேட்டரியை நிரப்பியது. அடிவாரத்தில் பேட்டரி முழுசு. மணி இரண்டு இருபது. அங்கிருந்து அலுவலகம் வரை அந்தப் பேட்டரியிலேயே போய்ச் சேர வேண்டும். எஞ்சின் எழுந்து நெடுநேரம் ஓடினால் புள்ளி குறையும். மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டினேன். பின்னால் மினி பஸ் அலறியது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைக் கடந்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பேட்டரிக் கோடு எட்டிலிருந்து ஐந்து, நான்கு, மூன்று. இயக்குநர் முன்னால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக அவரே கையை நீட்டி ஏசியை அணைத்தார்.

ரவுண்டு ரோட்டில் எஞ்சின் எழுந்தது. அரை நிமிடம். அணைந்தது. அலுவலக வாசலில் மறுபடி எழுந்தது. சாவியை அணைத்தேன்.

27.86. கணினி புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்தான் எடுக்கும். 27.9.

தணிக்கை அலுவலர் விக்னேஷ்குமார் வாசலில் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். காரைச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்தார். கொக்கியில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவிழ்க்க மறந்திருந்தேன். சிறுமலையிலிருந்து தரையில் இழுபட்டு நுனி பிரிந்திருந்தது.

சுகன்யா மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்ன?"

"கயிறு சார்" என்றேன்.

"தெரியுது. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"இல்ல சார். சோலைமலை அண்ணன் வீட்டுக் கயிறு. கிணத்துல எறைக்கிறது."

"அரசு வாகனத்துல தனியார் கயிறா?" அவர் முகம் வெளிறியது. "எத்தனை நாளா?"

"இருபத்தோரு நாள்."

விசாரணை இரண்டு மணி நேரம் நடந்தது. கயிறு எத்தனை முழம், எந்த நார், யார் அனுமதித்தது, தேய்மானம் யார் பொறுப்பு. கயிறு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார். கடைசியில் கயிறு நன்கொடையாகப் பெறப்பட்டதாக முடிவாகி, பதிவேட்டில் ஏற்றப்பட்டது. லாக் புக்கை அவர் நின்றவாறே பார்த்தார். 27.9 என்ற இடத்தில் ஒரு டிக். "பிரமாதம். மாநிலத்துல வேற எங்கயும் வரல" என்றார்.

மேடம் இழுப்பறையைத் திறந்து குறிப்பாணையை நான்காகக் கிழித்தார். ரீனாவின் பெயர் இருந்த துண்டை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

பாராட்டு விழா நடந்தது. இயக்குநர் பேசினார். "வண்டிய மாத்தல. ரோட்ட மாத்தல. மனநிலைய மாத்துனோம்." எனக்குச் சால்வை. பிறகு ஜீப்பைச் சரிசெய்து, மாதத்தில் பத்து நாள் கயிறு, மீதி நாள் பெட்ரோல் என்று ஓடியது. நிரந்தரப் பணிக்கான ஆணை தட்டச்சாகி இயக்குநர் கையெழுத்துக்குப் போனது.

அந்த வாரம் தலைமையகம் என்னை எரிபொருள் களவு விளக்கக் குழுவில் உறுப்பினராக்கியது. மற்ற மாவட்டங்களில் ஹைபிரிட் ஓட்டும் ஓட்டுநர்களின் விளக்கங்களை, 27.9 சாதித்தவன் என்ற முறையில், நான் பரிசீலிக்க வேண்டும். ஏற்கத்தக்கது, ஏற்கத்தக்கதல்ல என்று இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்து.

முதல் கோப்பு தேனியிலிருந்து. ஓட்டுநர் பெயர் ராபின். 17.1. குறுகிய பயணம், நின்ற நிலையில் ஏசி, நெரிசல். அவர் களவாடியதாகக் கணக்கிட்ட அளவு 120 லிட்டர். அடியில் கைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன்.

"சார், நான் ஒரு சொட்டு எடுக்கல சார். புள்ள மேல சத்தியமா."

"தெரியும். ஒங்க ஆபீஸ்ல பழைய டீசல் ஜீப்பு ஏதும் கெடக்கா?"

"இருந்துச்சு சார். போன மாசம் ஏலத்துல போயிருச்சு. ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல."

"சார், திண்டுக்கல்ல நீங்க மட்டும் எப்டி சார் இருபத்தேழு எடுக்குறீக? கால எப்டி வைக்கணும்னு சொல்லிக் குடுங்க சார். ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாக்கேன். காலுலதான் தப்புன்னு சொல்றாங்க."

நான் போனை வைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'ஏற்கத்தக்கது' என்பதில் டிக் போட்டேன். அடியில் எழுதினேன்: "இதே வண்டி எனக்கும் 17.4தான் தந்தது. மீதித் தூரம் ஜீப் இழுத்தது."

சுகன்யா மேடத்திடம் கொண்டுபோனேன். படித்தார். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியுதா? உங்க ஆர்டர் உள்ள சார் டேபிள்ல இருக்கு. நாளைக்குக் கையெழுத்து ஆயிரும். இன்னைக்கு இது போச்சுன்னா அந்த ஆர்டர் வெளிய வராது."

"தெரியும் மேடம்."

"ஒரு வாரம் கழிச்சு அனுப்பலாம்ல? நெரந்தரமானதுக்கு அப்பறம்?"

"தேனிக்காரருக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்."

மேடம் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருப்பி மெமோ வரும் கிளெமென்ட். அதே ஃபார்மட். இந்தத் தடவ என்னால கிழிக்க முடியாது. மொத வரியே ரீனா பேருதான்."

"அதுலயாவது அவ பேரோட ஒரு சரியான கணக்கு இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு 'அனுப்பப்பட்டது' முத்திரையை மையில் அழுத்தி, தேதியைத் திருப்பிச் சரிபார்த்து, கோப்பின் மேல் ஓங்கிக் குத்தினார்.